கொச்சி – டொராண்டோ: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, டிக்கெட்ல ஏன் வேற மாதிரி காட்டுது

பாலக்காட்டு பார்டர்ல இருக்குற வேலந்தாவளத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பையன் கனடால பிராம்ப்டன்ல வேலைல இருக்கான், மே மாசம் அக்காவும் மாமாவும் போயி செப்டம்பர்ல திரும்பறாங்க, ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். நெட்ல தேடுனா கொச்சி டொராண்டோ 13,500 கிலோமீட்டர் சொச்சம், பறக்குற நேரம் 16 மணி சொச்சம்னு காட்டுது. ஆனா ஏஜென்ட் துபாய் வழியா போட்டுக் குடுத்த டிக்கெட்ல, போறப்ப காலைல 4.30-க்கு கொச்சில கிளம்பி அதே நாள் சாயங்காலம் 4.30-க்கு டொராண்டோல எறங்குது, வர்றப்ப அங்க மத்தியானம் 2 மணிக்கு ஏறி மறுநாள் ராத்திரி 7.20-க்குத்தான் கொச்சி வருது. போறதுக்கு 12 மணி நேரம், வர்றதுக்கு 29 மணி நேரமா, வர்றப்ப எங்கயோ சுத்திட்டு வர்ற டிக்கெட்டக் குடுத்துட்டாரா, நமக்கு பக்கத்துலயே கோயமுத்தூர் இருக்கறப்ப அங்கிருந்து போனா தூரம் குறையாதா, இதுதான் கேள்வி.

அக்கா, டிக்கெட் சரியாத்தான் இருக்கு, பயப்பட வேண்டாம். உண்மையான கணக்குல போறப்ப 21 மணி 30 நிமிஷம், வர்றப்ப 19 மணி 50 நிமிஷம். வர்றதுதான் சீக்கிரம். நான் வளைகுடால ஒரு விமான நிலையத்துல டிஸ்பேட்ச் வேலைல இருந்தவன், அதாவது ஒவ்வொரு விமானமும் எந்த வழில போகோணும், எவ்வளவு எண்ணெய் ஊத்தோணும்னு கணக்குப் போட்டு பைலட் கைல குடுக்குற வேலை, அதனால இதை கொஞ்சம் விலாவரியாவே சொல்றேன்.

மொதல்ல அந்த 12, 29 சமாச்சாரம். டிக்கெட்ல போட்டிருக்குற நேரம் எல்லாமே அந்தந்த ஊர் கடிகார நேரம். கொச்சி நேரம் கொச்சி கடிகாரத்துல, டொராண்டோ நேரம் டொராண்டோ கடிகாரத்துல. மே மாசத்துல நமக்கும் டொராண்டோவுக்கும் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், நாம முன்னால, அவங்க பின்னால. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால. இதை வச்சு உங்க டிக்கெட்டப் பாருங்க. கொச்சில 4.30-க்கு கிளம்பி துபாய்ல 7 மணிக்கு எறங்குது, பாக்க ரெண்டரை மணி நேரம் மாதிரி இருக்கு, ஒன்றரையக் கூட்டுனா 4 மணி நேரம். துபாய்ல 10.30-க்கு அடுத்த விமானம், அது வரைக்கும் மூன்றரை மணி நேரம் உக்காந்திருக்கோணும். அங்கிருந்து 14 மணி நேரம் பறந்தா துபாய் கடிகாரத்துல நடுராத்திரி 12.30 ஆகியிருக்கும், டொராண்டோ துபாய்க்கு 8 மணி நேரம் பின்னால, அதனால அங்க சாயங்காலம் 4.30. நாலு, மூன்றரை, பதினாலு, மொத்தம் இருபத்தொன்றரை. நம்ம ஊர்ல அப்ப மறுநாள் விடியகாலம் 2 மணி ஆகியிருக்கும், அதனால எறங்குன உடனே ஊருக்கு போன் போட்டா தூக்கத்துல இருந்து எந்திரிச்சுதான் எடுப்பாங்க.

வர்றப்ப இதே கணக்கு தலைகீழ். 2 மணிக்கு டொராண்டோல ஏறி 12 மணி 45 நிமிஷம் பறந்து துபாய் வர்றப்ப அங்க மறுநாள் காலைல 10.45. மூணேகால் மணி நேரம் இருந்துட்டு 2 மணிக்கு ஏறுனா 3 மணி 50 நிமிஷத்துல கொச்சி, நம்ம கடிகாரத்துல 7.20. கூட்டிப் பாருங்க, 19 மணி 50 நிமிஷம்தான். போறப்ப கடிகாரத்துல உங்களுக்கு ஒன்பதரை மணி நேரம் கூடக் கெடைக்குது, வர்றப்ப அதைத் திருப்பிக் குடுத்துடறீங்க, அதுதான் 12-ஆவும் 29-ஆவும் தெரியுது.

சரி, உண்மையாவே ஏன் போறப்ப பறக்குற நேரம் ஒன்றரை மணி நேரம் பக்கம் அதிகம் ஆகுதுன்னா அது காத்து. நெறையப் பேர் பூமி சுத்துறதால எறங்குற ஊர் நம்மள நோக்கி வருது, இல்ல விலகிப் போகுதுன்னு சொல்லுவாங்க, அது தப்பு. பூமியோட சேந்து காத்தும்தான் சுத்துது, விமானம் அந்தக் காத்துக்குள்ளதான் பறக்குது, அதனால பூமி சுத்துறது நேரடியா நேரத்தக் கூட்டாது குறைக்காது. ஆனா சுத்திவளைச்சு ஒரு சம்பந்தம் இருக்கு. பூமத்திய ரேகைப் பக்கம் சூடு, துருவத்துப் பக்கம் குளிரு, இந்த வித்தியாசத்தால காத்து வடக்காம நகரப் பாக்கும், பூமி சுத்துறதால அது வளைஞ்சு மேற்குல இருந்து கிழக்காம ஓடுற ஒரு பெரிய காத்தோட்டமா மாறிடுது. ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்றது அதைத்தான். 30,000, 40,000 அடி உயரத்துல, சரியா விமானம் பறக்குற உயரத்துலயே ஓடுது, மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம், குளிர்காலத்துல இன்னும் பலமா இருக்கும்.

நமக்கு இது புரியாத விஷயமில்லீங்க. ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய்ல அடிக்கிற மேக்காத்துல வாளையார்ல இருந்து கஞ்சிக்கோடு பக்கமா பைக் ஓட்டிட்டுப் போனவங்களுக்குத் தெரியும், அதே வண்டி, அதே ரோடு, போறப்ப முக்கிட்டுப் போகும், திரும்பறப்ப ஆக்சிலேட்டர் திருகாமலே ஓடி வரும். விமானத்துக்கும் அதேதான், அளவு மட்டும்தான் பெருசு.

கணக்கா பாத்தா, பெரிய விமானம் காத்துக்குள்ள மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்துல போகும். அந்த உயரத்துல வெளிய மைனஸ் 55 டிகிரி குளிரு, அந்தக் குளிர்ல ஒலியோட வேகமே மணிக்கு 1,060 கிலோமீட்டர்தான், விமானம் அதுல நூத்துக்கு 84, 85 பங்கு. இதுக்கு மேல வேகமாப் போனா எண்ணெய்ச் செலவு எக்கச்சக்கமா ஏறிடும், அதனால எந்தக் கம்பெனியும் போகாது. துபாய்ல இருந்து டொராண்டோ நேர் தூரம் 11,080 கிலோமீட்டர் பக்கம். வழி நெடுக சராசரியா 60, 70 கிலோமீட்டர் எதிர்காத்துன்னு வச்சுக்கிட்டா தரைக் கணக்குல வேகம் 830 ஆகிடுது, பதிமூணே கால் மணி நேரம், அதோட ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போறது, மேல ஏறுறது, எறங்குறது எல்லாம் சேத்தா 14. திரும்பறப்ப அதே காத்து பின்னால இருந்து தள்ளுது, பன்னெண்டரை பன்னெண்டே முக்கால்ல வந்துடும். 2020 பிப்ரவரில அட்லாண்டிக்ல ஒரு பெரும்புயல் வந்தப்ப நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ 4 மணி 56 நிமிஷத்துல போயிடுச்சு, தரைக் கணக்குல மணிக்கு 1,300 கிலோமீட்டரத் தாண்டி. சாதாரணமா அந்த வழிக்கு ஆறரை ஏழு மணி நேரம். காத்து என்ன பண்ணும்னு இதுல தெரிஞ்சுக்கலாம்.

இந்தக் காத்து தினமும் எடம் மாறும். அதனால அட்லாண்டிக் கடல் மேல விமானப் பாதைய தினமும் புதுசா வரைவாங்க, மேற்காமப் போறதுக்கு ஸ்காட்லாந்துல இருந்தும், கிழக்காம வர்றதுக்கு கனடால கேண்டர்ங்கற ஊர்ல இருந்தும் அன்னன்னைக்கு அறிவிப்பு வரும். எதிர்காத்து பலமா இருந்தா அதத் தவிர்த்து வடக்காம ஏறி கிரீன்லாந்து மேல போறது, வர்றப்ப காத்தப் புடிக்கறதுக்காகவே கொஞ்சம் தெக்காம எறங்கி வர்றது, இதெல்லாம் டிஸ்பேட்ச்ல அன்றாட வேலை. நேர் வழில கிலோமீட்டர் குறைவா இருந்தும், சுத்து வழில காத்து நல்லா இருக்குன்னு 300, 400 கிலோமீட்டர் அதிகமா போயி அரை மணி நேரம் முன்னால எறங்குற நாளும் உண்டு. அதனால கிலோமீட்டரப் பாத்து நேரத்த முடிவு பண்ணாதீங்க.

இப்ப அந்த 13,500 எங்கிருந்து வருதுன்னு பாப்போம், ஏன்னா உங்க மூணாவது கேள்விக்கு பதில் இதுக்குள்ளதான் இருக்கு. சுவத்துல மாட்டியிருக்குற உலக மேப்புல கொச்சிக்கும் டொராண்டோக்கும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்டா அது அரேபியா மேல போயி சஹாரா பாலைவனத்தத் தாண்டி அட்லாண்டிக்ல எறங்கி அந்தப் பக்கம் ஏறும். அந்த வழில அளந்தா 15,500 கிலோமீட்டருக்கு மேல வரும். ஆனா பூமி உருண்டை. பையனோட பழைய பள்ளிக்கூட குளோப் வீட்ல இருந்தா ஒரு நூலை எடுத்து ரெண்டு ஊரையும் தொட்டு இழுத்துப் புடிச்சுப் பாருங்க, நூல் மேற்காமவே போகாது, வடக்காமப் போகும். கொச்சில இருந்து மும்பை மேல, அப்புறம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஏரல் கடல், ரஷ்யாவோட வடமேற்கு, அங்கிருந்து ஆர்க்டிக் வட்டத்தையே தாண்டி 70 டிகிரி வரைக்கும் ஏறி, கிரீன்லாந்து மேல சாஞ்சு, கியூபெக் வழியா டொராண்டோல எறங்கும். அதுதான் 13,550 கிலோமீட்டர், இருக்குறதுலயே குட்டையான வழி. 2,000 கிலோமீட்டர் மிச்சம். வடக்க போகப் போக பூமியோட சுத்தளவு சுருங்கிட்டே போகுது, பூமத்திய ரேகைல ஒரு டிகிரி 111 கிலோமீட்டர்னா 60 டிகிரி வடக்கல அது பாதியா ஆயிடுது, அதனால அங்க போயி குறுக்கக் கடக்கறதுதான் லாபம்.

நெட்ல இருக்குற தூரக் கணக்கு எல்லாம் இந்த நூல் கணக்குதான். அதை 850-ஆல வகுத்து மேல அரை மணி நேரம் சேத்து 16 மணி 30 நிமிஷம்னு போட்டுடறாங்க. கணக்கு தப்பில்ல, ஆனா அப்படி ஒரு விமானமே இல்ல. கொச்சில இருந்து டொராண்டோக்கு நேரா போற சர்வீஸ் கெடையாது. அந்தத் தூரம் பறக்குற விமானம் இல்லாம இல்ல, சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டருக்கு மேல, 18 மணி நேரத்தத் தாண்டி தினமும் போயிட்டிருக்கு. நம்ம பக்கத்து பெங்களூருலயே 2021 ஜனவரில சான் பிரான்சிஸ்கோல இருந்து ஏர் இந்தியா விமானம் வடதுருவம் வழியா நேரா வந்து எறங்குச்சு, கேப்டன் ஜோயா அகர்வால், காக்பிட்ல இருந்த அத்தனை பேரும் பொம்பளைங்க, 14,000 கிலோமீட்டர் பக்கம், 17 மணி நேரம். எனக்கு இந்தத் தொழில்லயே ரொம்பப் புடிச்ச செய்தி அது. ஆனா நேர் சர்வீஸ் வேணும்னா தினமும் 300 பேரு ஒரே ஊர்ல இருந்து ஒரே ஊருக்குப் போகோணும். அதோட தூரம் கூடக் கூட எண்ணெயச் சுமக்கறதுக்கே எண்ணெய் செலவாகும். துபாய் டொராண்டோ மாதிரி வழிக்கு ஒரு போயிங் 777 மணிக்கு ஏழெட்டு டன் எண்ணெய் குடிக்கும், 14 மணி நேரத்துக்கு நூறு டன்னுக்கு மேல ஏத்திட்டுத்தான் கிளம்புது. இன்னும் 3,000 கிலோமீட்டர் சேந்தா அந்தப் பாரத்துக்கு ஆளையோ சரக்கையோ குறைக்கோணும், டிக்கெட் வெலை ஏறும். நடுவுல ஒரு ஊர்ல எறக்கி, எல்லா ஊர் ஆளையும் ஒண்ணு சேத்து அனுப்பறதுதான் கட்டுபடியாகுது.

அப்ப துபாய் வழியா போறதால எவ்வளவு சுத்துன்னு கேப்பீங்க. கொச்சி துபாய் 2,780, துபாய் டொராண்டோ 11,080, கூட்டுனா 13,860. நேர் வழியை விட 300 கிலோமீட்டர்தான் அதிகம், இருபது நிமிஷம். டெல்லி வழியா போனா 2,050-ம் 11,640-ம் சேத்து 13,690, இன்னும் கம்மி. தோஹா வழியா 14,000-த்துக்குக் கொஞ்சம் உள்ள. அதனால தூரத்துல எல்லாம் ஒண்ணுதான். சிங்கப்பூர் வழியா யாராச்சும் வெலை கம்மின்னு சொன்னா மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க, எதிர்த்திசைல 3,000 கிலோமீட்டர் போயி அங்கிருந்து 15,000 திரும்பி வரோணும், 18,000-த்துக்கு மேல ஆகிடும்.

டெல்லி வழி கம்மின்னா ஏன் அதுல போடலன்னு தோணும். காகிதத்துல கம்மி, வானத்துல இப்ப அப்படி இல்ல. வானத்துலயும் பார்டர் இருக்குங்க, நம்ம வாளையார் கோபாலபுரம் செக்போஸ்ட் மாதிரி நிறுத்திக் காசு வாங்கிட்டு விடற எடமில்ல, மூடுனா மூடுனதுதான். 2025 ஏப்ரல் 24-ல பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்த மூடிட்டு அப்புறம் மாசா மாசம் நீட்டிச்சிட்டே வந்துச்சு, 2019-லயும் பிப்ரவரி கடைசில இருந்து ஜூலை நடு வரைக்கும் மூடியிருந்துச்சு. டெல்லில இருந்து மேக்கால போற இந்திய விமானம் தெக்காம எறங்கி அரபிக்கடல் வழியா சுத்திப் போகோணும், அதனால அமெரிக்கா கனடா விமானங்கள ஐரோப்பால, வியன்னா மாதிரி ஊர்ல எறக்கி எண்ணெய் நெரப்பிட்டுப் போற நெலமை வந்துச்சு. இந்தப் பக்கம் ரஷ்யா, 2022 பிப்ரவரி கடைசில இருந்து கனடா விமானத்துக்கும் ஐரோப்பா விமானத்துக்கும் வானத்த அடைச்சிருச்சு, இந்திய விமானத்துக்கும் வளைகுடா விமானத்துக்கும் அந்தத் தடை இல்ல. ஆகவே, அந்த நூல் போற பாதை மேல பாகிஸ்தானும் ரஷ்யாவும் உக்காந்திருக்கு, யாரு விமானம்ங்கறதப் பொறுத்து ஒருத்தருக்கு ஒரு கதவு மூடி இன்னொருத்தருக்கு இன்னொண்ணு மூடியிருக்கு.

வளைகுடா வழிலயும் சண்டை வந்தா வானம் மூடும், 2025 ஜூன் 23-ல கத்தார் கொஞ்ச நேரம் மூடுனப்ப எங்கெங்கயோ போக வேண்டிய விமானம் எல்லாம் வேற ஊர்ல எறங்கி ஜனங்க ரொம்ப அலைஞ்சாங்க. பயமுறுத்த சொல்லல, கிளம்பறதுக்கு முன்னாடி நாளு செய்தியும் பாருங்க, விமானக் கம்பெனியோட மெசேஜும் பாருங்க, ஏஜென்ட் நம்பர விட உங்க சொந்த நம்பர டிக்கெட்ல போடச் சொல்லுங்க, நேரம் மாறுனா மெசேஜ் உங்களுக்கே வரும். நெறைய எடத்துல ஏஜென்ட் அவரு நம்பரப் போட்டுடறாரு, அது சரியில்ல.

கோயமுத்தூர் கேள்விக்கு வர்றேன். வேலந்தாவளத்துல இருந்து கோயமுத்தூர் விமான நிலையம் ஒரு மணி நேரம், ஒன்னேகால் மணி நேரம். கொச்சி விமான நிலையம் இருக்குற நெடும்பாசேரி மூன்று மூன்றரை மணி நேரம். மனசு கோயமுத்தூர் பக்கம்தான் போகும், புரியுது. ஆனா வானத்துல ரெண்டுக்கும் நடுவுல 120 கிலோமீட்டர்தான், 13,500-ல அது ஒண்ணுமே இல்ல. கோயமுத்தூர் நல்லதா கொச்சி நல்லதாங்கறத முடிவு பண்றது அங்கிருந்து எங்க கனெக்ஷன் கெடைக்குதுங்கறதுதான். கோயமுத்தூர்ல இருந்து வெளிநாட்டுக்கு ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் மாதிரி ஒருசில ஊருக்குத்தான் விமானம், அதுவும் சின்ன விமானம். ஷார்ஜா போயி அங்கிருந்து துபாய்க்கு டாக்சில போயி டொராண்டோ விமானம் ஏறலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா கேக்காதீங்க. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனா வெளிய வந்தா விசா வேணும், பெட்டிய எடுத்து திரும்பப் போடோணும், மொத விமானம் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்கு அதைப் பத்தி எந்தப் பொறுப்பும் இல்ல. அபுதாபி வழியோ டெல்லி வழியோ கோயமுத்தூர்ல இருந்து டொராண்டோ வரைக்கும் ஒரே டிக்கெட்டா, ஒரே பிஎன்ஆர்ல, பெட்டி நேரா டொராண்டோ போற மாதிரி குடுத்தா தாராளமா எடுங்க. தனித்தனி டிக்கெட்டுன்னா வேண்டாம். கொச்சில இருந்து போறதுல அந்தக் கவலை இல்ல, 1999-ல ஆரம்பிச்ச நாள்ல இருந்தே வளைகுடா ஜனங்களுக்காகவே ஓடுற விமான நிலையம் அது.

இன்னொண்ணு, ஏன் அர்த்த ராத்திரி 4.30-க்கு விமானம்னு வருத்தப்பட்டிருந்தீங்க. துபாய் தோஹா எல்லாம் ஒரு அலை மாதிரி வேலை செய்யும். நம்ம நாட்டுல இருந்தும் பக்கத்து நாடுகள்ல இருந்தும் வர்ற விமானம் எல்லாம் விடியகாலைல ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வந்து எறங்கோணும், அதுல வந்தவங்கள எல்லாம் பிரிச்சு ஐரோப்பா அமெரிக்கா விமானங்கள்ல ஏத்தி அனுப்போணும். அதுக்குத் தோதா கணக்குப் போட்டா கொச்சில கிளம்புற நேரம் விடியகாலம் 3, 4 மணின்னுதான் விழும். பகல்ல கிளம்புற டிக்கெட் கேட்டா கெடைக்கும், ஆனா அங்க போயி 8 மணி நேரம், 10 மணி நேரம் காத்திருக்கோணும். மூட்டுவலி இருக்குற மாமாவ பெஞ்சுல அவ்வளவு நேரம் உக்கார வைக்கறதுக்கு ராத்திரி முழிச்சுப் போறது எவ்வளவோ மேல்.

உங்க டிக்கெட்ல இருக்குற மூன்றரை மணி நேர ட்ரான்சிட், அதாவது விமானம் மாற நடுவுல காத்திருக்குற நேரம், முதல் தடவை போறவங்களுக்கு ரொம்பச் சரியான அளவு. ஒன்றரை மணி நேரம்னு இருந்தா வெலை கம்மின்னாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், மொத விமானம் அரை மணி நேரம் லேட்டாகி, அங்க செக்யூரிட்டில வரிசைல நின்னு, கேட் வேற கட்டடத்துல இருந்து உள்ளயே ரயில்ல போக வேண்டி வந்தா வயசானவங்களுக்கு ஓட முடியாது. மாமாவுக்கு வீல்சேர் கேட்டுடுங்க, இப்பவே ஏஜென்ட்கிட்ட சொல்லி டிக்கெட்ல பதிய வைக்கோணும், அதுக்குத் தனிக் காசு கெடையாது. கூச்சப்பட வேண்டாம், வீல்சேர் தள்ற ஆளே கேட் வரைக்கும் வழிகாட்டியா வந்துடுவாரு, பாஷை தெரியலங்கற பயமும் போயிடும். துபாய்ல விமான நிலையத்துக்குள்ளயே இருந்து மாறுறதுக்கு விசா தேவையில்ல. ஐரோப்பா ஊரு வழியா மாத்திப் போட்டாங்கன்னா மட்டும் ட்ரான்சிட் விசா வேணுமான்னு அந்த நாட்டுத் தூதரகத் தளத்துல பாத்துட்டுப் பணம் கட்டுங்க.

இப்ப வீட்டுல இருந்து வீடு வரைக்கும் கணக்குப் போடுங்க, ஏன்னா ஒடம்பு தாங்குமாங்கறது இதைப் பொறுத்துத்தான் இருக்கு. 4.30 விமானத்துக்கு 1.30-க்கு நெடும்பாசேரில இருக்கோணும். அதுக்கு ராத்திரி 10-ல இருந்து 10.30-க்குள்ள வீட்டுல கிளம்போணும். குதிரான்ல 2021-ல சுரங்கம் தொறந்ததுல இருந்து அந்த மலைல மணிக்கணக்கா நிக்கற தொல்லை போச்சு, ஆனா திருச்சூர் தாண்டி ஆம்பல்லூர், முரிங்ஙூர் பக்கம் அடிப்பாதை வேலையால வண்டி ஊர்ந்த காலத்தப் பாத்திருக்கோம், அதனால ஒரு மணி நேரம் கையிருப்பு வச்சுக்கோங்க. அந்தக் கையிருப்பச் சேக்காம 10.30-க்கு கிளம்புனாலே விமானம் ஏறுற வரைக்கும் ஆறு மணி நேரம், அப்புறம் இருபத்தொன்றரை, டொராண்டோல எறங்கி இமிக்ரேஷன், பெட்டி, பையனோட கார்ல பிராம்ப்டன் போறதுன்னு இரண்டரை மணி நேரம். 30 மணி நேரம் ஆச்சு. விமான நிலையம் இருக்கறது மிசிசாகாங்கற ஊர்ல, பிராம்ப்டன் அதுக்குப் பக்கத்துலயே, அந்த விஷயத்துல கொடுத்து வச்சவங்க நீங்க.

அந்த 30 மணி நேரத்துல மாத்திரை ஒரு பெரிய விஷயம். மாமா சுகர் மாத்திரை போடறார்னு எழுதியிருக்கீங்க. காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு போடறவங்களுக்கு, பகல் இவ்வளவு நீளமா போறப்ப எது காலை எது ராத்திரின்னு கொழம்பிடும். விமானத்துல ஜன்னலப் பாத்து முடிவு பண்ணக் கூடாது, மேற்காமப் போறதால சூரியன் கூடவே வந்துட்டிருக்கும், துபாய்ல கிளம்புனதுல இருந்து எறங்குற வரைக்கும் இருட்டே பாக்காமப் போகலாம். போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இந்த நேரக் கணக்கக் காட்டி எந்தெந்த மணிக்குப் போடோணும்னு இந்திய நேரத்துலயே எழுதி வாங்கிக்கோங்க, ஒரு கைக்கடிகாரத்த அங்க போய்ச் சேர்ற வரைக்கும் இந்திய நேரத்துலயே விட்டுடுங்க. மாத்திரை எல்லாம் கைப்பைல, டாக்டர் சீட்டோட. பெரிய பெட்டில போட்டுடாதீங்க.

14 மணி நேரம் உக்காந்தே இருந்தா கால் வீங்கும், சில பேருக்கு ரத்தம் கட்டிக்கறதும் உண்டு, அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு நடக்கோணும், நடைபாதைப் பக்கத்து சீட்டா கேட்டு வாங்குங்க. உள்ள காத்து ரொம்ப வறண்டிருக்கும், தண்ணி கேட்டுக் கேட்டுக் குடிங்க. காது அடைக்குது, மூச்சு கொஞ்சம் கனமா இருக்குன்னு தோணுனா பயப்படாதீங்க, உள்ள இருக்குற காத்தழுத்தம் ஆறாயிரம் ஏழாயிரம் அடி மலை மேல இருக்குற மாதிரிதான் வச்சிருப்பாங்க, ஊட்டி உயரம்.

போன பிறகு நேரம் பழக ஒரு வாரத்துக்கு மேல ஆகும், ஒடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மாதிரிதான் நகரும். பொதுவா மேற்காமப் போறது சுலபம், கிழக்காம வர்றதுதான் கஷ்டம், அதனால செப்டம்பர்ல திரும்பி வந்த மறுவாரமே கல்யாணம் காதுகுத்துன்னு ஒத்துக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, தேதி. திரும்பறப்ப டொராண்டோல ஏறுற தேதி ஒண்ணு, கொச்சில எறங்குற தேதி அடுத்தது. வண்டிக்காரர்கிட்ட கொச்சி தேதியச் சொல்லோணும், டிக்கெட்ல மேல இருக்குற தேதிய இல்ல. 7.20-க்கு எறங்குனா வெளிய வர 8.30 ஆகும், அதுக்கப்புறம் வீட்டுக்கு வர நடுராத்திரி. பையன் தீபாவளிக்கு இருந்துட்டுப் போங்கன்னு சொல்லி டிக்கெட்ட நவம்பருக்குத் தள்ளுனா இந்த மணியெல்லாம் மாறும், நவம்பர் மொத ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க, வித்தியாசம் பத்தரை மணி நேரமாகும், மறுபடி மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். துபாய்க்கும் நமக்கும் அந்தப் பழக்கம் இல்ல. அப்ப புது டிக்கெட்ட அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்.